பாதரசத்துக்கு இரண்டு கொக்கி

முப்பத்து நான்கு. விடைத்தாளின் தலைப்பில் சிவப்பு மையில் எழுதி, சுற்றி ஒரு வட்டமும் போட்டிருந்தது. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும்.

கொக்கி அக்கா தாளை மடித்துப் பைக்குள் திணிக்கவில்லை. கண்ணைக் கசக்கவும் இல்லை. பெஞ்சின் மேல் தாளை விரித்து, முதல் கேள்வியிலிருந்து விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். தப்பு என்றால் தப்புதான், அதில் அவளுக்கு வருத்தமில்லை. எது தப்பு என்று தெரிந்தாக வேண்டும்.

டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்த டுட்டோரியலுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறவர்கள் பன்னிரண்டு பேர். எல்லோரும் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள். வேலைக்குப் போய்க்கொண்டே பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதிவிட வேண்டும் என்று நினைப்பவர்கள். லாரி ஓட்டுகிறவர் ஒருவர், கொத்தனார் ஒருவர், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் அக்காதங்கை இரண்டு பேர் என்று கலவையான கூட்டம். பெஞ்சுகள் மட்டும் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்தவை.

"படிப்பு ஏறுதோ இல்லையோ, முட்டி தேயுது" என்று டிரைவர் வாராவாரம் சொல்வார். வாராவாரம் யாராவது ஒருவர் சிரிப்பார்கள்.

அங்கே ஒரு நடைமுறை உண்டு. உள்தேர்வில் முப்பத்தைந்து எடுத்தவர்களுக்குத்தான் பொதுத்தேர்வு விண்ணப்பத்தில் பிரின்சிபல் கையெழுத்துப் போடுவார். அதைத் தேர்வு ஆபீஸில் கொடுக்க மறுநாள்தான் கடைசி நாள். விட்டவர்கள் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும்.

அக்காவால் காத்திருக்க முடியாது. பெண்களின் உள்ளாடை தைக்கும் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாகக் கொக்கிப் பிரிவில் இருக்கிறாள். கடைசி மேஜை அவளுடையது. ஒவ்வொரு துணியிலும் கொக்கிகளை வளையங்களில் மாட்டிப் பார்த்து அனுப்ப வேண்டும். ஒரே ஒரு கொக்கி வளையம் கிடைக்காமல் தொங்கினாலும், நூறு துணி அடங்கிய கட்டை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவாள். கொக்கி அக்கா என்று பெயர் வந்தது அப்படித்தான். மேஸ்திரி எவ்வளவு கத்தினாலும் திருப்பிய கட்டு திரும்பியதுதான். "போட்டுக்கிட்டுப் போறவளுக்கு நடுத்தெருவுல அவிழ்ந்தா நீங்களா வந்து மாட்டுவீங்க?" என்று ஒருமுறை கேட்டாள். அதற்குப் பிறகு மேஸ்திரி கொஞ்சம் மெதுவாகக் கத்தினார்.

அதே தொழிற்சாலையில் சாயப் பிரிவை ஒட்டி ஒரு சின்ன ஆய்வுக்கூடம். சாயத் தண்ணீரைச் சோதிக்கும் இடம். நிறத்துணி மாதிரிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் அக்கா அங்கே பாட்டில்களின் லேபிளைப் படித்துக்கொண்டு நிற்பாள். ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் லேப் மேடம் அவளை ஒருநாளும் விரட்டியதில்லை. உள்ளே ஒரு ஸ்டூலைப் போட்டு, "நின்னுக்கிட்டே படிக்காதீங்க, உட்கார்ந்து படிங்க" என்றார். மனிதருக்கு மனிதர் செய்யும் பெரிய உதவிகள் பலவும் இப்படி ஒரு ஸ்டூல் அளவில்தான் தொடங்குகின்றன. உதவியாளர் இடம் ஒன்று காலியானபோது, "பத்தாவது சர்டிஃபிகேட் மட்டும் கொண்டு வாங்க. இந்த வருஷம் ரிசல்ட் வர்ற வரைக்கும் யாரையும் எடுக்காம பிடிச்சு வைக்கிறேன்" என்று மேடம் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவராலும் பிடித்துவைக்க முடியாது.

அக்காவின் விரல் பதினேழாவது கேள்வியில் நின்றது. அயனிகளின் மின்சுமையைக் கொண்டு ஐந்து சேர்மங்களுக்கு வாய்ப்பாடு எழுதச் சொன்ன கேள்வி. கால்சியம் குளோரைடு, அலுமினியம் ஆக்சைடு, மெக்னீசியம் ஆக்சைடு, ஃபெரிக் சல்ஃபேட் நான்கும் சரி. ஐந்தாவது மெர்குரஸ் குளோரைடு. அவள் Hg₂Cl₂ என்று எழுதியிருந்தாள். அதன் மேல் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் "சுருக்கவில்லை" என்று ஒரு வார்த்தை.

அக்கா எழுந்தாள். முழங்கால் பெஞ்சில் இடித்தது.

"சார், பதினேழுல அஞ்சாவது ஏன் தப்பு?"

அறிவியல் சார் வார நாட்களில் வேறொரு பள்ளியில் வேலை பார்ப்பவர். ஞாயிறு உறக்கத்தை விட்டுக்கொடுத்து வருகிறவர் என்பது முகத்திலேயே தெரியும். "எழுதியிருக்கேனேம்மா. நீங்க சுருக்கலை."

"சுருக்கக் கூடாது சார்."

வகுப்பில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"விதி என்ன? எல்லாரும் சொல்லுங்க" என்றார் சார்.

"குறுக்கே மாத்து, பொதுவா இருந்தா சுருக்கு" என்று வகுப்பு ஒரே குரலில் சொன்னது. பிரின்சிபல் எழுதிய கையேட்டில் அப்படித்தான் இருந்தது. ஒரு அயனியின் சுமையை எடுத்து மற்றதன் காலடியில் போட வேண்டும். இரண்டு எண்களுக்கும் பொதுவாக ஒன்று வந்தால் வகுத்துவிட வேண்டும்.

"கேட்டீங்களா? பாதரசத்துக்கு ரெண்டு, குளோரினுக்கு ரெண்டு. அடிச்சா HgCl. மெக்னீசியம் ஆக்சைடுல சரியா சுருக்கியிருக்கீங்களே. இதுல மட்டும் என்ன?"

"அதைச் சுருக்கலாம் சார், சுருக்கினேன். இதைச் சுருக்கினா கொக்கி தொங்கும்."

"அக்கா கட்டைத் திருப்பிட்டாங்கப்பா!" என்றார் கொத்தனார். அறை சிரித்தது. சாரும் கொஞ்சம் சிரித்துவிட்டார். சிரித்தவர் சாக்பீஸை எடுத்து நீட்டினார். "வாங்க. வந்து காட்டுங்க."

குறுக்கே மாற்றும் விதி அக்காவின் தலையில் ஒருநாளும் நின்றதில்லை. எதை எதற்குக் கீழே போடுவது என்று கடைசி நிமிடத்தில் குழம்பிவிடும். அதனால் அவள் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தாள். நேர்மின்சுமை எத்தனையோ அத்தனை கொக்கி. எதிர்மின்சுமை எத்தனையோ அத்தனை வளையம். கொக்கியும் தொங்கக் கூடாது, வளையமும் சும்மா கிடக்கக் கூடாது. எத்தனை எத்தனை எடுத்தால் எல்லாம் மாட்டிக்கொள்ளுமோ, அதுதான் வாய்ப்பாடு.

கரும்பலகையில் முதலில் அலுமினியத்தை வரைந்தாள். மூன்று கொக்கி. ஆக்சிஜனுக்கு இரண்டு வளையம். ஒன்றுக்கு ஒன்று மாட்டினால் ஒரு கொக்கி தொங்கியது. இன்னொரு அலுமினியத்தைக் கொண்டுவந்தாள், ஆறு கொக்கி ஆயிற்று. மூன்று ஆக்சிஜன், ஆறு வளையம். "ரெண்டு அலுமினியம், மூணு ஆக்சிஜன். சரிதானே சார்?"

"சரி."

"மெக்னீசியத்துக்கு ரெண்டு கொக்கி. ஆக்சிஜனுக்கு ரெண்டு வளையம். ஒண்ணுக்கு ஒண்ணு போதும். இன்னொரு ஜோடியைச் சேர்த்து எழுதினாலும் அது தனி ஜோடி, இது தனி ஜோடி. ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கல. அதனால பிரிச்சு எழுதலாம்."

"சரி."

"பாதரசம் அப்படி இல்ல சார்." இரண்டு வட்டம் வரைந்தாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கொக்கி. "மெர்குரஸ்ல பாதரசம் தனியா வராது, ஜோடியாத்தான் வரும். இதோட ஒரு கொக்கி அதைப் பிடிச்சிருக்கு, அதோட ஒரு கொக்கி இதைப் பிடிச்சிருக்கு. மிச்சம் ஆளுக்கு ஒண்ணு. ரெண்டு கொக்கி, ரெண்டு குளோரின். எல்லாம் மாட்டியாச்சு." சாக்பீஸால் எண்களைத் தட்டினாள். "இப்போ இந்த ரெண்டையும் அடிச்சு ஒண்ணாக்கினா என்ன ஆகும்? ஒரு பாதரசம், ரெண்டு கொக்கி. ஒரு குளோரின், ஒரு வளையம். இந்தக் கொக்கி தொங்குது பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"யார் சொன்னாங்க இதை?" சாரின் குரல் தணிந்திருந்தது.

"எங்க லேப்ல சுவர்ல ஒரு அட்டவணை தொங்குது சார். அதுல மத்த உலோக அயனிக்கெல்லாம் மேலதான் எண் இருக்கு. இதுக்கு மட்டும் கீழேயும் ஒரு ரெண்டு. ஏன்னு மேடத்தைக் கேட்டேன், சொன்னாங்க. நம்ம கையேட்டுல அந்தக் கீழ் ரெண்டு இல்ல."

சார் கரும்பலகையைப் பார்த்தபடியே நின்றார். கல்லூரியில் எப்போதோ படித்தது, அடியில் கிடந்தது, மேலே வந்துகொண்டிருந்தது. வந்துவிட்டது என்பதும் அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் கையேட்டை எழுதியவர் அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தார்.

"இருங்கம்மா. பிரின்சிபலைக் கூப்பிடறேன்."

பிரின்சிபல் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். படிப்பை விட்டவர்களுக்கென்று அந்த மாடியைப் பதினெட்டு வருடமாக நடத்துகிறவர். ஞாயிறுதோறும் வகுப்பு தொடங்கும் முன் கண் மூடிப் பிரார்த்தனை செய்யச் சொல்கிறவர். அவருடைய கையேடு ஒன்பதாவது பதிப்பு வந்திருந்தது. ஒன்பது பதிப்பு வந்த புத்தகத்தில் தப்பு இருக்கும் என்று நம்புவது எந்த மனிதனுக்கும் எளிதல்ல.

கரும்பலகையை ஒரு பார்வை பார்த்தார். "என்ன இது, தையல் கிளாஸா?"

"வாய்ப்பாடு சார்" என்றாள் அக்கா.

"ஒரு மார்க்குக்காகவா இவ்வளவு?" அவர் அக்காவின் தாளை வாங்கிப் புரட்டினார். முப்பத்து நான்கைப் பார்த்ததும் முகம் இளகியது. "அடடா, இவ்வளவு கிட்ட வந்துட்டீங்களே. சரி விடுங்க, ஒரு மார்க் நான் போட்டுக்கறேன். வேலைக்கும் போய், குடும்பத்தையும் பார்த்து, படிக்க வர்றீங்க. போங்க, திருத்தத்தை எழுதி சார்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்து ஃபாரத்தை எடுத்துக்குங்க."

பின் பெஞ்சில் யாரோ "அப்பாடா" என்றார்கள்.

திருத்தம் என்பது அந்த டுட்டோரியலின் இன்னொரு நடைமுறை. தேர்வில் எழுதித் தப்பாகிப்போன ஒவ்வொரு விடையையும் சரியாகப் பத்துத் தடவை ஒரு நோட்டில் எழுதி, பாட ஆசிரியரின் கையெழுத்து வாங்க வேண்டும். அது இல்லாமல் யாருக்கும் விண்ணப்பம் கிடையாது. அக்காவின் திருத்த நோட்டு கிட்டத்தட்ட முடிந்துபோன நோட்டு. பேக்கரியில் வேலை பார்க்கும் அவள் கணவர், கேக் அட்டை வெட்டும் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓரக்கோடு போட்டுக் கொடுத்திருந்தார்.

"எதை எழுதணும் சார்?" என்று கேட்டாள்.

"HgCl. பத்து."

"மாட்டேன் சார்."

பிரின்சிபல் வாசல்வரை போனவர் நின்றார். "என்னது?"

"மத்த திருத்தம் எல்லாம் எழுதிடறேன். ஒளியியல் கணக்கு மூணு தப்பு, அது என் தப்பு. முப்பது தடவை எழுதறேன். இதை எழுத மாட்டேன்."

"மார்க்கே போட்டுட்டேங்கறேன்."

"மார்க்கைப் போட்டீங்க, நன்றி. தப்பைப் பத்துத் தடவை எழுதச் சொல்றீங்களே சார். எழுதினா கை அதை நம்பிடும். பதினாலு வருஷம் கையாலதான் பொழைக்கிறேன், எனக்குத் தெரியும். மண்டை மறந்தாலும் கை மறக்காது." அவள் குரல் உயரவில்லை. தொழிற்சாலையில் கட்டைத் திருப்பும்போதும் உயர்ந்ததில்லை. "நாளைக்கு நான் பாட்டில் எடுத்துக் கொடுக்கிற இடத்துல நிப்பேன். மெர்குரஸ் குளோரைடுன்னு ஒண்ணு இருக்கு, மெர்குரிக் குளோரைடுன்னு ஒண்ணு இருக்கு. முன்னாடி ஒரு ரெண்டு, பின்னாடி ஒரு ரெண்டு இருந்தா அது மெர்குரஸ். பின்னாடி மட்டும் ரெண்டு இருந்தா மெர்குரிக். அது கொடிய விஷம். ரெண்டும் இல்லாம HgCl-ன்னு ஒரு லேபிளை நான் எழுதி ஒட்டினா, பார்க்கிறவங்க அந்த ரெண்டை எங்கே போட்டுப் படிப்பாங்க? அந்த இடத்துல ஒரு உயிர் இருக்கு சார்."

"நீங்க இன்னும் லேப்ல சேரவே இல்லை."

"சேரத்தான் படிக்கிறேன்."

பிரின்சிபலின் காது மடல் சிவந்தது. "பதினெட்டு வருஷத்துல என் புத்தகத்தைப் படிச்சு ஆயிரம் பேர் பாஸ் பண்ணியிருக்காங்க. ஒருத்தர் கேட்டதில்லை. பன்னிரண்டு மணிக்கு ஆபீஸைப் பூட்டிடுவேன். எழுதினா ஃபாரம். இல்லேன்னா அடுத்த வருஷம் பார்ப்போம்." போய்விட்டார்.

மணி பத்தே முக்கால்.

அக்கா தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஒளியியல் கணக்கு மூன்றையும் பத்துப் பத்துத் தடவை எழுதினாள். பிறகு ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, Hg₂Cl₂ என்று எழுதினாள். அதன் கீழ் மறுபடி Hg₂Cl₂. பத்து வரி முடிந்ததும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொக்கியையும் வளையத்தையும் சின்னதாக வரைந்தாள்.

துணி வெளுக்கும் சகோதரிகளில் மூத்தவள் பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள். "எழுதித் தொலைச்சுட்டு வா. மனசுக்குள்ள சரியானதை வெச்சுக்கோ. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே அக்கா."

"நல்லாத்தான் பேசறே" என்று பெருமூச்சு விட்டுவிட்டு அவள் போனாள்.

தேநீர் இடைவேளையில் எல்லோரும் படிக்கட்டில் நின்றார்கள். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் மெஷின் விட்டுவிட்டு உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் இரண்டு டம்ளர் வாங்கி வந்து ஒன்றை அக்காவிடம் நீட்டினார். நீட்டிய விதத்திலேயே கோபம் தெரிந்தது.

"என் மார்க் எத்தனைன்னு தெரியுமா அக்கா?"

"தெரியாதே அண்ணே. பாஸ்தானே?"

"முப்பத்தஞ்சு. மெர்குரஸ் குளோரைடு HgCl. டிக். அந்த டிக் போனா முப்பத்து நாலு." டீயை ஒரு வாய் குடித்தார். "கம்பெனியில பத்தாவது இருந்தாத்தான் நிரந்தரம்னு சொல்லிட்டாங்க. வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன், இன்னிக்கு ஃபாரத்தோடதான் வருவேன்னு. நீ ஜெயிச்சா நான் தோத்தேன். அதை யோசிச்சியா?"

அக்கா யோசிக்கவில்லை. டம்ளர் கையில் சுட்டது. தான் சரி என்று நிற்கும்போது, அந்தச் சரியின் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்று பார்க்க நாம் எல்லோருமே மறந்துவிடுகிறோம். கடவுள் அதை மறக்க விடுவதில்லை, யாரையாவது ஒரு டம்ளரோடு அனுப்பி வைக்கிறார்.

"உங்க மார்க்கை எடுக்கச் சொல்ல மாட்டேன் அண்ணே. நீங்க சொல்லிக்கொடுத்ததை எழுதினீங்க. தப்பு உங்களோடது இல்ல."

"அப்போ உன்னோடது தப்புன்னு ஒத்துக்கோ. பிரச்சினை முடிஞ்சுது."

"அது முடியாது."

"ஏன், கௌரவமா?"

"இல்ல அண்ணே. நீங்க பிரேக் பிடிக்கலைன்னு தெரிஞ்ச வண்டிக்கு, பிடிக்குதுன்னு கையெழுத்துப் போடுவீங்களா? அதுவும் பத்துத் தடவை?"

கீழே மெஷின் நின்றது. தெருவில் ஒரு தாய் பிள்ளையை அதட்டும் சத்தம் கேட்டது.

"அந்தப் படத்தை இன்னொரு தடவை போடு" என்றார் டிரைவர் கடைசியில். "அங்கே தூரத்துல உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி எடுத்துட்டு வரலை."

அக்கா டம்ளரைப் படியில் வைத்துவிட்டு நோட்டைத் திறந்தாள். HgCl. ஒரு வட்டம், இரண்டு கொக்கி. எதிரே ஒரு குளோரின், ஒரு வளையம். டிரைவர் குனிந்து, தடித்த விரலால் ஒவ்வொரு கொக்கியாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்று மாட்டியிருந்தது. இன்னொன்றின் மேல் விரல் நின்றது.

"தொங்குது" என்றார்.

"தொங்குது அண்ணே."

"சே!" தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சிரித்தார். "லாரியில இப்படிக் கொக்கியை மாட்டாம விட்டேன்னா சரக்கு பூரா ரோட்டுலதான். இதுக்குப் போய் டிக் வாங்கியிருக்கேன் பாரு! இனிமே இந்த டிக்கைப் பார்க்கிறப்பல்லாம் கொக்கிதான் தெரியும். கெடுத்துட்டியே அக்கா." டீயை ஒரே மூச்சில் முடித்தார். "பேனாவைக் கொடு."

"எதுக்கு?"

"கொடேன்."

அவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்து தன் திருத்த நோட்டைத் தொடைமேல் வைத்தார். அவருடைய எழுத்து பெரிது, சரிவது. Hg₂Cl₂ என்று பத்து வரி எழுத ஒன்றரைப் பக்கம் பிடித்தது. கொத்தனார் குனிந்து பார்த்துவிட்டு, "ஏன்யா, சரின்னு டிக் வாங்கினதுக்குத் திருத்தம் எழுதற முதல் ஆளு நீதான்யா. வெயில்ல அதிகமா ஓட்டிட்டியா?" என்றார். அவரும் HgCl எழுதி மார்க் வாங்கியவர்தான். அவர் தன் நோட்டைத் திறக்கவில்லை. சகோதரிகளும் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒருவர் வந்ததே அக்காவுக்குக் கண்ணை நிறைத்தது.

பதினொன்றரைக்கு இருவரும் அறிவியல் சார் முன்னால் நின்றார்கள். சார் விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து சார்" என்று டிரைவர் நோட்டை நீட்டினார்.

சார் பக்கத்தைப் பார்த்தார். "உங்களுக்கு இது சரின்னுதானே போட்டேன்?"

"நீங்க போட்டீங்க. ஆனா தப்பு சார். கொக்கி தொங்குது. நடைமுறைன்னா நடைமுறைதானே, தப்பான விடைக்குத் திருத்தம் எழுதணும். எழுதியிருக்கேன். மார்க்கை எடுக்கறதுன்னா, எடுத்துக்குங்க. வீட்டுல நான் சொல்லிக்கறேன்."

சார் நாற்காலியில் சாய்ந்தார்.

"மார்க்கை எப்படி எடுக்கறது?" என்றார். "நான் சொல்லிக்கொடுத்தேன், நீங்க எழுதினீங்க. இதுல யாருக்காவது மார்க் குறைக்கணும்னா எனக்குத்தான் குறைக்கணும். காலேஜ்ல இதைப் படிச்சிருக்கேன். நம்ம கையேட்டு அட்டவணையைப் பார்த்தப்பவே சொல்லியிருக்கணும். ஒன்பதாவது பதிப்பாச்சேன்னு விட்டுட்டேன்."

சிவப்புப் பேனாவை எடுத்தார். டிரைவரின் நோட்டில் கையெழுத்திட்டார். அக்காவின் நோட்டைத் தானே கேட்டு வாங்கி, கொக்கிகளையும் வளையங்களையும் ஒரு நிமிடம் பார்த்து, அதிலும் கையெழுத்திட்டார். பிறகு அவளுடைய விடைத்தாளை உருவி, பெருக்கல் குறியை அடித்து, டிக் போட்டு, முப்பத்து நான்கை முப்பத்தைந்தாக்கி, பக்கத்தில் தேதியும் எழுதினார்.

"வாங்க, நானும் வர்றேன்" என்று எழுந்தார். அந்த ஞாயிறு வேலையை நம்பி அவருக்கும் ஒரு குடும்பம் இருந்தது.

ஆபீஸ் என்பது ஒரு மேஜை, ஒரு இரும்பு அலமாரி, ஒரு முத்திரைப் பெட்டி. பிரின்சிபல் நோட்டுகளைப் பார்த்தார். சாரைப் பார்த்தார்.

"நீங்களுமா?"

"திருத்தத்துல பாட ஆசிரியர் கையெழுத்து இருக்கணும்னு நீங்கதான் வெச்சீங்க சார்" என்றார் அறிவியல் சார். "இருக்கு. விடையும் சரி. என் பொறுப்புலதான் மாத்தினேன். டிரைவரோட மார்க் அப்படியே இருக்கட்டும். நான் தப்பா நடத்தினதுக்கு அவரைத் தண்டிக்க வேண்டாம்."

"அப்போ ரெண்டு விடைக்கும் மார்க்கா? இது எந்த ஊர் நியாயம்?"

"ஒண்ணு சரிக்கு. இன்னொண்ணு நம்ம தப்புக்கு."

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் என்று காட்டியது. பிரின்சிபல் அலமாரியைத் திறந்து, இரண்டு விண்ணப்பங்களை எடுத்தார். டிரைவருடையதில் முப்பத்தைந்து என்று எழுதிக் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, மேஜைமேல் தள்ளினார். அக்காவுடையதில் எழுத சற்று அதிக நேரம் எடுத்தது. அதற்கும் முத்திரை குத்தி நீட்டினார்.

"போதுமா? போய்ட்டு வாங்க."

அக்கா அதை வாங்கி, மடிக்காமல், நின்ற இடத்திலேயே படித்தாள். பெயர் சரி. பிறந்த தேதி சரி. உள்தேர்வு அறிவியல் என்ற கட்டத்தில், "34 + 1 கருணை மதிப்பெண்" என்று இருந்தது.

"சார், இது சரியில்லை."

டிரைவர் அவள் முழங்கையை மெதுவாகத் தட்டினார். வாங்கிட்டோம், போயிடலாம் என்று அர்த்தம்.

"முப்பத்தஞ்சுதானே கணக்கு? பாஸ்தானே?" என்றார் பிரின்சிபல்.

"பாஸ்தான் சார். ஆனா இந்த ஒண்ணு கருணை இல்ல. நான் எழுதின விடை." அவள் தாளை மேஜையில் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். "கருணை வேணும்னா தினமும் காலையில கடவுள்கிட்ட கேட்டு வாங்கிக்கறேன். கொடுக்கிறவர் கொடுக்கிறார், ஒருநாளும் இல்லைன்னு சொன்னதில்லை. இந்தத் தாள்ல அது வேண்டாம் சார். அடிச்சுடுங்க."

"ஒரு வார்த்தைம்மா. யாரும் படிக்கக்கூட மாட்டாங்க."

"நான் படிச்சுட்டேன் சார்."

பூட்டும் சாவியும் மேஜையில் கிடந்தன. பிரின்சிபல் சாவியை எடுத்தார், மறுபடி வைத்தார். அக்கா நகரவில்லை. முகத்தில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நூறு துணி கொண்ட கட்டைத் திருப்பி வைத்துவிட்டு, சரியாகி வரட்டும் என்று காத்திருக்கிறவளின் முகம் அது. டிரைவர் முழங்கையை விட்டார். விட்டதோடு அவளுக்குப் பக்கத்தில் ஒரு அடி நெருங்கி நின்றுகொண்டார்.

பிரின்சிபல் பேனா மூடியைக் கழற்றினார். "34 + 1 கருணை மதிப்பெண்" என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தார். மேலே 35 என்று எழுதினார். தாளைத் தள்ளினார்.

அக்கா தாளைத் தொடவில்லை.

"அடிச்ச இடத்துல சின்னக் கையெழுத்து போடணும் சார். இல்லேன்னா தேர்வு ஆபீஸ்ல செல்லாதுன்னு திருப்பிடுவாங்க."

அறிவியல் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது. பிரின்சிபல் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் காலையில் முதல் முறையாக அவளை முழுதாகப் பார்த்தார் என்று தோன்றியது.

பிறகு குனிந்து, கோட்டின் ஓரத்தில், தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார்.